சார்ஜென்ட் கேட்ட ரிவால்வர்

லோரெட்டாவின் கடையில் தூண்டில் புழு முதல் மான் வேட்டைத் துப்பாக்கி வரை எல்லாம் கிடைக்கும். புழு டப்பாக்களை அவள் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, ரிட்டயர்டு சார்ஜென்ட் வெர்னன் டகெட் உள்ளே வந்தார். வந்தவர் ஒரு குட்மார்னிங்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினார்.

"லோரெட்டா, ஒரு ரிவால்வர் வேணும். அந்தக் காலத்துல எங்க ஸ்டேஷன்ல குடுத்தாங்களே, அதே மாடல். பழசா இருக்கணும்."

"உங்களோடதைத்தான் ரிட்டயர் ஆனப்போ உங்ககிட்டயே குடுத்தனுப்பிட்டாங்களே, சார்ஜென்ட்?"

"அதை விடு. நம்பர் தேஞ்சு போயிருந்தா ரொம்ப நல்லது. யாரோடதுன்னு எவனும் கண்டுபிடிக்கக் கூடாது."

லோரெட்டாவின் கையிலிருந்த டப்பா சாய்ந்தது. நாலைந்து புழுக்கள் கல்லா மேல் நெளிந்தன.

"நார்மாவுக்குத் தெரியுமா?"

"என் பொண்டாட்டிக்குத் தெரியவே கூடாது. சனிக்கிழமை விழா முடியற வரைக்கும் நீ மூச்சு விடாதே."

சனிக்கிழமை, நகர மண்டபத்தில் பழைய போலீஸ்காரர்களுக்கு விழா. தலைமை, முன்னாள் போலீஸ் தலைவர் ஹார்லன் ஸ்டாடர்ட். வெர்னனுக்கு வரவேண்டிய நாற்காலி ஹார்லனுக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சர்ச் விருந்தில் ஹார்லன் தனக்கு முன்னால் வரிசையில் நின்றான் என்பதற்காக ஆப்பிள் பை பலகாரத்தைக்கூடத் தொடாமல் வீட்டுக்குப் போனவர் வெர்னன்.

"ஹார்லன் மேடையில இருப்பாரே" என்றாள் மெதுவாக.

"இருக்கணும். அவன் கண்ணு முன்னாலதான் நான் எடுக்கணும். அப்ப அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்."

"குண்டும் வேணுமா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ துப்பாக்கியை எடு."

உள்ளே ஒன்று கிடக்கிறது, தேடி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு லோரெட்டா பின்னறைக்குப் போய், ஹார்லனுக்குப் போன் போட்டாள்.

"வீட்டை விட்டு வெளிய வராதீங்க. வெர்னன் துப்பாக்கி வாங்க வந்திருக்கார். உங்களுக்காகத்தான்."

"இந்த ஊரையே காப்பாத்தினவன் நான், அவனுக்குப் பயந்து ஒளிஞ்சுக்கணுமா? பேச்சுக் குடுத்து நிறுத்தி வை. இதோ வரேன்."

அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"சார்ஜென்ட், ஹார்லன் தலைக்கனம் புடிச்ச ஆள்தான். ஒத்துக்கறேன். அதுக்காகச் சுட்டுக் கொல்லுவாங்களா? நீங்க ஜெயிலுக்குப் போயிட்டா நார்மா என்ன பண்ணுவா?"

வெர்னன் அவளை விழித்துப் பார்த்தார். "யாரு யாரைச் சுடறது?"

பிறகு அங்கிருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சொன்னா சிரிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதுசுல இடுப்புத் துப்பாக்கியோட மீன் பிடிக்கப் போனேன். ஏரியில விழுந்துடுச்சு. விஷயம் தெரிஞ்சா வேலை போயிடும். கராஜ்ல உக்காந்து மரத்துல ஒண்ணு செதுக்கிக் கறுப்புப் பெயிண்ட் அடிச்சேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் அதுதான் இடுப்புல."

"யாரும் கண்டுபிடிக்கலையா?"

"இந்த ஊர்ல யாரைச் சுடறது? இடுப்புல கையை வெச்சு முறைச்சாலே ஓடிடுவானுங்க. கடைசி நாள்ல அதையே பெட்டியில போட்டு, கைதட்டி, எனக்கே குடுத்தாங்க. இப்போ நகர மண்டபத்துல கண்ணாடிப் பெட்டி வெச்சிருக்காங்களாம். சனிக்கிழமை ஆளாளுக்குத் தன்னோட துப்பாக்கியை எடுத்து அதுல வைக்கணுமாம். ஹார்லன் கையில வாங்கி வைக்கப்போறான். மரம்னு தெரிஞ்சா, என் சாவுக்கு வந்துகூடச் சிரிப்பான்."

லோரெட்டா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அப்போதுதான் தான் போன் போட்டது நினைவுக்கு வந்தது.

"சார்ஜென்ட், பின்பக்கமா போயிடுங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்..."

கதவு படாரென்று திறந்தது. பைஜாமாவும் பழைய போலீஸ் தொப்பியுமாக ஹார்லன் நின்றார். இரண்டு கையாலும் ரிவால்வரைப் பிடித்து வெர்னனின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்.

"கையைத் தூக்கு வெர்னன். அசைஞ்சே, சுட்டுடுவேன்."

வெர்னன் இரு கைகளையும் உயர்த்தினார். லோரெட்டா கண்களை இறுக மூடிக்கொண்டாள். சத்தம் எதுவும் வரவில்லை. அவள் மெல்லக் கண்ணைத் திறந்தபோது, வெர்னன் தூக்கிய கைகளோடு முன்னால் குனிந்து, தன் நெஞ்சை நோக்கி நீண்டிருந்த ரிவால்வரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் போய், என்றுமில்லாத ஒரு பிரியம் வந்திருந்தது.

அத்தனை வருடப் பகைக்குப் பிறகு அவர் ஹார்லனிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்:

"உன்னோடது என்ன மரம்?"