ஞாயிற்றுக்கிழமை சோரும் கை

மதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களுக்கு,

என் மனைவி வசந்தாமணியின் செயற்கைக் கையைச் சோதிக்க மூன்று முறை அவள் வேலை செய்யும் நகைப்பட்டறைக்கு வந்தீர்கள். மூன்று முறையும் 'கோளாறு இல்லை' என்று எழுதினீர்கள். இந்த வாரத்தோடு புகாரை மூடப்போவதாகத் தகவல் வந்துள்ளது. தயவுசெய்து மூடவேண்டாம்.

இரண்டு மாதமாகத் தேதிவாரியாகக் குறித்திருக்கிறேன். சனிக்கிழமை வரை அந்த விரல்கள் கடுகளவு கல்லையும் எடுத்துப் பதிக்கின்றன. ஞாயிறு மாலை சீப்பு நழுவுகிறது. மகள் மிருதுளாவுக்குச் சடை பின்ன முடிவதில்லை.

காரணத்தை வசந்தாமணியே கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, பட்டறைல நகை கழுவற ஆசிட்ல இருந்து ஆவி வருதில்ல? அது பட்டாத்தான் கைக்குள்ள இருக்கற கார்பன் நூலு கரண்டை நல்லாக் கடத்துதுங்க. வீட்ல ஆவிக்கு எங்க போறது?"

"கைக்கும் உன்னை மாதிரி வேலைக்குப் போனாத்தான் தெம்பு போல" என்றேன்.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்குச் சடை நீங்கதான் பின்னோணும்."

போன ஞாயிறு சாவி வாங்கிப் பட்டறையைத் திறந்து, கையைக் கழற்றி ஆவியருகே அரைமணி நேரம் வைத்தாள். வீடு திரும்பி, ஒரு முடி பிசகாமல் இரட்டைச் சடை பின்னினாள். எட்டாவது படித்தவள். அன்றே இதையும் தேதியோடு குறித்துவைத்தேன்.

ஆனால், குழந்தை இருக்கும் வீட்டில் ஆசிட் வைக்க முடியாது. ஆவி படாமலே தெம்பு குறையாத நூல் வேண்டும்.

ஆகவே, இம்முறை பட்டறைக்கு வராதீர்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். மிருதுளா தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
க. பொன்னுசாமி