முகம் இறங்கி வரும் நேரம்

"புது மெமரி போட்டா வேகமா ஓடும் எண்டுதானே சொன்னீங்க காக்கா? இப்ப கத்துதே!"

கத்தத்தான் செய்தது. சுவிட்சைப் போட்டதும் பீப், பீப் என்று நீட்டி முழக்கியது அந்தப் பழைய கம்பியூட்டர். மொனிட்டரில் பொட்டு வெளிச்சம் இல்லை.

"பொறு குணம். கத்தினா உசிரோட இருக்கு எண்டு அர்த்தம். பேசாம கிடந்தாத்தான் பயம்," என்றார் மக்கீன்.

கல்முனையில் எல்லாரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மக்கீனின் கம்பியூட்டர் கடைக்குக் குணம் வந்தது அன்றுதான் முதல் தடவை. பாண்டிருப்பில் மீன்பிடிக்கிறவன். கம்பியூட்டரைப் பழைய சாரத் துணியால் போர்த்தி, ஓட்டோவில் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

"பின்னேரத்துக்குள்ள வேணும் காக்கா. திருக்கோவில் ஊர்ல இருந்து ஒரு அம்மா வாறா. அவட முன்னால இது படுத்திரக் கூடாது."

"ஏன்டா, மீனுக்கு ஈமெயில் போட்டு வலைக்குள்ள கூப்பிடப் போறியா?"

குணம் சிரித்தான்.

மக்கீன் புது மெமரியைக் கழற்றி, அதன் பல்லுகளை அழிறப்பரால் தேய்த்து, திரும்பவும் அழுத்தினார். பீப். பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதைச் செருகினார். மொனிட்டர் கண் விழித்தது.

"மெமரியில பிழையில்ல. இந்த ரெண்டாவது ஸ்லொட்டுக்குள்ளதான் என்னமோ கிடக்கு."

கரண்டை நிறுத்தி, டோர்ச் அடித்து, ஊசியால் கிண்டினார். கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. மோந்து பார்த்தார்.

"கிறீஸ்! எந்த விசரன்டா இதுக்குள்ள கிறீஸ் அப்பினவன்?"

"நான்தான் காக்கா. சும்மா கிடந்த ஓட்டைதானே எண்டு. கடலுக்குள்ள விழுந்த போட் எஞ்சினுக்குச் செய்யிற மாதிரித்தான் செஞ்சன். நல்ல தண்ணியில கழுவி, வெயில்ல காய வச்சி, உப்பு தின்னாம கிறீஸ் பூசி..."

மக்கீனின் கை அப்படியே நின்றது. ஊசி நுனியில் கிறீஸோடு ஒட்டிக் கிடந்தது கடல் மண்.

கம்பியூட்டரைப் புரட்டிப் பார்த்தார். அடியில், பாதி உரிந்த நிலையில், அவருடைய பழைய கடையின் ஸ்டிக்கர். அவர் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டிய பெட்டி. மருதமுனைக் கரையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஹமீடுக்குப் பூட்டிக் கொடுத்தது. ஹமீட் சுனாமியில் அள்ளுண்டு மவுத்தானவர்.

மக்கீன் கடையில் ஒரு சட்டம் இருந்தது. சுனாமியில் அள்ளின சாமான் எதுவும் உள்ளே வரக் கூடாது. மகள் நதீராவைத் தேடி அவர் கரையெல்லாம் ஓடின நேரம், ரீவியும் ஃபேனும் தூக்கிக்கொண்டு ஓடினவர்களையும் கண்டவர். நதீரா கிடைக்கவில்லை. வீடும் போனதால் அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"இது ஹமீட்ட சாமான். மவுத்தாப் போன மனிசன்ட சாமான்ல கை வைக்க உனக்கு எப்படிடா மனசு வந்த?"

"காக்கா, நான்..."

"கதைக்காத! பொலிஸுக்குச் சொல்லட்டா?"

குணம் தலையைக் குனிந்துகொண்டான். "சொல்லுங்க. ஆனா ரெண்டு மெமரியையும் பூட்டி, ஒரு படத்தத் திறந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க."

"கடல் தண்ணி குடிச்ச பெட்டிக்குள்ள படமா?"

கோபத்தோடுதான் ஸ்பிரிட் போட்டு ஸ்லொட்டைத் துடைத்தார். இரண்டு மெமரியையும் செருகினார். கம்பியூட்டர் கத்தவில்லை. குணம் மௌஸைப் பிடித்து ஒரு படத்தைத் திறந்தான்.

மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளை. கண் மூடித் திறக்குமுன் முழு முகம்.

"அல்லாஹ்வே!" மக்கீன் மொனிட்டரை நோக்கிக் குனிந்தார். எத்தனையோ கம்பியூட்டரைப் பிரித்துப் பூட்டிய கை அவருடையது. கடல் தண்ணீரில் ஊறிய ஒன்று இப்படிச் சிரிக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. "இது எப்படிடா தப்பின?"

"சுனாமி வந்த அண்டைக்குப் பௌர்ணமிப் போயா லீவு. ஸ்டூடியோ பூட்டு. கரண்ட் ஓடல்ல. மண்ணுக்குள்ள அரைவாசி புதைஞ்சு கிடந்துச்சு." குணம் மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்பதான் எனக்கு நிம்மதி காக்கா. முந்தியெல்லாம் படம் மேல இருந்து மெல்ல மெல்லத்தான் இறங்கும். முதல்ல தலைமயிர் வரும். பிறகு நெத்தி. கண் வாறதுக்குள்ள தாய்மார் உடைஞ்சு போயிருவாங்க. அதப் பாக்க ஏலாமத்தான் மெமரி கூட்ட வந்தன்."

"எந்தத் தாய்மார்?"

"பிள்ளைட படம் ஒண்டுமே மிஞ்சாத தாய்மார். தமிழ் ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், எல்லார்ட பிள்ளைகளும் இதுக்குள்ள இருக்காங்க. ஹமீட் காக்காட பொஞ்சாதியிட்டத்தான் முதல்ல கொண்டுபோய்க் குடுத்தன். 'என்ட வீட்டுல வச்சா நான் அழுதே முடிஞ்சிருவன், நீயே வச்சிக் காட்டு தம்பி' எண்டுட்டா. கேட்டு வாற ஆக்களுக்குத் திறந்து காட்டுவன், பிரதி எடுத்துக் குடுப்பன். யுத்தம் முடிஞ்ச பிறகு தூரத்துல இருந்தும் வாறாங்க. இண்டைக்கு வாற அம்மா, மகன்ட முகமே மறந்து போகுது எண்டு ஃபோன்ல அழுதா."

மக்கீன் மொனிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கம்பியூட்டரை நிறுத்தினார். புது மெமரியை மெதுவாகக் கழற்றி மேசையில் வைத்தார்.

குணம் பதறினான். "என்ன காக்கா, இன்னும் பிழையா?"

"பிழை என்னிலதான்டா தம்பி. பெட்டியில இல்ல." கதிரையை இழுத்து மொனிட்டருக்குக் கிட்டவாகப் போட்டுக்கொண்டார். "கடைசிப் பெருநாளைக்கு நதீராவ நான் ஹமீட்கிட்டத்தான் படம் எடுக்கக் கூட்டிப் போனன். அவள்ட படத்த மட்டும் பழையபடியே திற. கண் வாறதுக்கு முன்ன எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும்."