கசப்பிலைச் சாறு

“உயிருக்கு ஒண்ணும் ஆகிடாதே, அண்ணி?”

“ஆகாது. ரெண்டு நாள் கத்துவான். அப்புறம் நீ இருக்கற திசையில தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டான்.”

அவள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்க, அண்ணி ஒரு கொத்து இலையைக் கல்லில் வைத்து நசுக்கினாள். தண்ணீர் பட்டதும் சோப்பைத் தேய்த்ததுபோல் பச்சை நுரை பொங்கியது.

பின்சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது கசப்பிலைச் செடி. சின்னச் சின்னக் குஞ்சம்போல் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. அதை யாரும் நின்று பார்த்ததில்லை. அண்ணன் சர்க்கரை நோய்க்கு அதன் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தான். காய்ச்சலுக்கும் அதுதான், வயிற்றுப் பூச்சிக்கும் அதுதான். அந்த வீட்டில் சோறு கேட்காமல் உழைத்தது அந்தச் செடி ஒன்றுதான்.

இப்போது அதற்கு இன்னொரு வேலை. முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்காத அவள் பையனுக்குப் பால் மறக்கடிக்க வேண்டும்.

புருஷன் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. வெளியூரில் ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்ய இடம் கிடைத்திருந்தது. குழந்தையைக் கூட்டி வரக் கூடாது என்பது நிபந்தனை. இதை விட்டால் அண்ணன் வீட்டுக் கூடத்து மூலைதான் கடைசிவரை.

“அனுபவம் உள்ளவங்க அத்தனை பேர் வந்திருந்தாங்க அண்ணி. ஏஜென்ட் மேடம் என்னை மட்டும்தான் நிக்கச் சொன்னாங்க.”

“நல்லா சமைப்பேன்னு புளுகினியா?”

“அதைக் கேக்கவே இல்ல. ரத்தம் எடுத்தாங்க. டாக்டரம்மா ஒருத்தங்க உடம்பைப் பார்த்தாங்க. குழந்தைக்கு எத்தனை மாசம்னு கேட்டாங்க. என்ன வேலைன்னு அங்க போனதும் சொல்லுவாங்களாம்.”

“வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா, சந்தையில மாடு பிடிக்கறாங்களா?” அண்ணி சிரித்தாள். “சரி, ஜாக்கெட்டைக் கழட்டு.”

தடவிய சாறு காய்ந்ததும் பையனை மடியில் போட்டாள். ஆவலாக வாய் வைத்தவன் முகம் கோணி விலகினான். அம்மாவை ஏறிட்டுப் பார்த்தான். நம்பாமல் இன்னொரு முறை வாய் வைத்தான். அப்புறம் வீடே இடிந்து விழுவதுபோல் கத்தினான்.

“தூக்காதே, விடு,” என்றாள் அண்ணி. “இப்ப இளகினே, வேலை போச்சு.”

அவள் இளகவில்லை. மார்பு கல்லாய் இறுகி, உடம்பு காய்ச்சலில் கொதித்தது. துணியைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டு, குளியலறையில் பல்லைக் கடித்தபடி நின்றாள். கசிந்து சொட்டியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள்.

அடுத்த வாரம் கட்டை அவிழ்த்தபோது துணி உலர்ந்திருந்தது. பையன் அண்ணியின் கையால் டம்ளரில் குடித்தான், அண்ணியை ஒட்டிப் படுத்துத் தூங்கினான். அவள் கை நீட்டினால் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“நல்லதாப் போச்சு. நீ கிளம்பறப்போ அழமாட்டான்.”

அவள் பையை எடுத்து வைத்தாள். பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஏஜென்ட் மேடம்.

“நாளைக்குக் காலையில கார் வரும். குளிச்சு ரெடியா இரு. உடம்பு நல்லா இருக்கில்ல?”

“நல்லா இருக்கேன் மேடம். பையனைப் பத்தியும் இனிக் கவலை இல்ல. பால் மறக்கடிச்சுட்டேன். எனக்கும் சுத்தமா வத்திப்போச்சு.”

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது.

“மேடம்?”

“அடிப்பாவி! அந்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கத்தானேடி உன்னை எடுத்தோம்!”