அரைக் குவளைத் தண்ணீர்

"மூணாவது செடியையும் சாகடிச்சுட்டீங்களா?"

நர்சரிக்காரம்மா செடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். வேர் கறுத்துக் கொழகொழவென்றிருந்தது.

எதிரே நின்ற தச்சர் தலையை ஆட்டினார். "நீங்க சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழமை மட்டும் அரைக் குவளைதான் ஊத்தினேன். சத்தியமா!"

"அப்ப வேற யாரோ தினமும் ஊத்துறாங்க. இதுக்கு ஈரம் தங்கினா ஆகாது. வீட்டுக்காரம்மாவைக் கேட்டீங்களா?"

"அவ அந்தப் பக்கம் காலே வைக்கமாட்டா. பேச்செடுத்தாலே எழுந்து உள்ள போயிடுவா."

"பேசாம ரோஜா வைங்க, தொல்லை விட்டுது."

"ஐயோ, உசரமா வளந்தா மறைச்சிடும்மா! தரையோட படர்ந்து, வருஷாவருஷம் பூக்கணும். இந்த ஒண்ணாவது பிழைக்கணும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

அவள் அதற்கு மேல் திட்டவில்லை. நாலாவது செடியை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிறன்று நட்டார். அரைக் குவளை ஊற்றினார். மறுநாள் வேலைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவதென்று அங்கிருந்த மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

பத்து மணிக்கு, தளும்பத் தளும்ப ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு அவருடைய மனைவி வந்தாள்.

செடி நட்டிருந்த சின்னஞ்சிறு கல்லறை முன்னால் உட்கார்ந்து, கல்லில் செதுக்கியிருந்த மகனின் பெயரை உள்ளங்கையால் துடைத்தாள். பிறகு வாளியை மெல்லச் சாய்த்தாள்.

"குடிடா கண்ணு. உங்கப்பா வாரத்துக்கு ஒருநாள் ஊத்துற அரைக் குவளை உனக்கு எந்த மூலைக்கு?"