நாச்சிமுத்துவுக்கு மாற்றல்

தொழில் தொடர்புத் தளங்களில் சேரலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாகச் சேருங்கள் என்பேன். பீளமேட்டில் என் எதிர்வீட்டு நாச்சிமுத்து சேர்ந்தார். அவருடைய புரொஃபைல் தானே நேர்காணலுக்குப் போய், தானே வேலையில் சேர்ந்து, தானே மேலாளராகவும் ஆகிவிட்டது. போன வாரம் நாக்பூருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது.

அவர் மனைவி சாரதாமணி பரணிலிருந்த பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு அழுதார்.

"ஏனுங்க, புள்ளைக்கு அடுத்த மாசம் பிரசவம். அவளைத் தனியா உட்டுப்போட்டு நாக்பூர் போகோணுங்களா?"

நாச்சிமுத்து வியர்க்க வியர்க்க அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"நீங்க யாரு சார்?" என்றாள் அங்கிருந்த பெண்.

"நாச்சிமுத்துங்க. மாற்றல் எனக்குத்தானுங்க."

"இல்லையே சார். அவர் நேத்தே நாக்பூர் போய் ஜாயின் பண்ணிட்டாரே. நீங்க எதுக்கு?"

நாச்சிமுத்து போனை வைத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். நாங்கள் இருவருமாகப் பெட்டிகளை மறுபடி பரணில் ஏற்றினோம்.

"அவரு அங்கயே நல்லா இருக்கட்டுங்க," என்றார் சாரதாமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க போயிப் புள்ளைக்கு மாதுளம்பழம் வாங்கிட்டு வாங்க."