முத்திரை இருந்த இடம்

பென்டில் துரையின் கைத்தடி கடைக் கண்ணாடியில் ஓங்கி விழுந்ததும் தெருவே திரும்பிப் பார்த்தது.

கண்ணாடி உடையவில்லை. உடைந்திருந்தாலும் டார்கஸ் கவலைப்பட்டிருக்க மாட்டாள். செதுக்கிக்கொண்டிருந்த செப்புத் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, கையில் இருந்த மையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு வந்தாள்.

லண்டனில் அவள் கடையைப் போலக் கேலிப்படம் அச்சடித்து விற்கும் கடைகள் நிறைய உண்டு. காலையில் புதுப் படத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கவிட்டால் போதும். மந்திரியை நேரில் ஒரு வார்த்தை கேட்க வக்கில்லாதவனெல்லாம் வந்து நின்று, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போவான். சிரித்துவிட்டுப் போவான், அவ்வளவுதான். அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் படம் தொங்க ஆரம்பித்து மூன்று வாரம்.

முதுகு காட்டி நிற்கும் ஒரு குண்டு மனிதர். முகம் இல்லை, பொய்முடி மட்டும். கப்பலுக்குப் போகும் இறைச்சிப் பீப்பாயை நிரப்புகிறார். அடியில் குதிரைக் குளம்பு, செத்த நாய், புழு. மேலே மட்டும் ஒரே ஒரு வரிசை நல்ல மாட்டிறைச்சி. பக்கத்தில் ராஜாவின் சின்னமான சிங்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறது.

பீப்பாயில் வியாபாரியின் பெயர் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு.

பெயரை முழுசாகப் போட்டால் வழக்கு வரும் என்று எல்லாக் கடைக்காரர்களும் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். டார்கஸ் அந்த இரண்டு எழுத்தைக்கூடப் போடவில்லை.

"என்னடி டார்கஸ், ஒரே ஒரு எழுத்துக்குக்கூடத் தைரியமில்லையா?" என்று மீன்காரி மால் மூன்று வாரமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தாள்.

கடற்படைக்குப் போன அவள் தம்பி ஜேபஸ் அப்படி ஒரு பீப்பாயிலிருந்து தின்றுதான் செத்தான். சண்டையில் இல்லை. எதிரியின் கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னும் பதினெட்டு பேரோடு செத்தான். சாக்கில் சுற்றிக் கடலில் போட்டுவிட்டார்கள். அந்த இறைச்சியை அனுப்பிய கிராதகன் ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

ராஜாவின் கப்பல்களுக்கு உப்பிட்ட இறைச்சி அனுப்புகிறவர்கள் ஆறு பேர். அதில் ஐந்து பேர் இந்த மூன்று வாரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒருத்தர், அது தன் போட்டிக்காரனுடைய முதுகுதான் என்று சத்தியம் செய்தார். ஒருத்தர் சாப்பாட்டு அறையில் மாட்டுவதற்கு, வர்ணம் பூசியதாகப் பார்த்து வாங்கிப் போனார். செத்தது என் தம்பி, சிரிப்பு இவர்களுக்கா என்று நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுருட்டிக் கொடுத்தாள்.

ஆறாவது ஆள்தான் பென்டில். அவர் சிரிக்கவில்லை.

"எறக்கு அதை. இப்பவே எறக்கு."

"எதுக்குய்யா? வெறும் முதுகுதானே இருக்கு. யார் முதுகுன்னு நீங்களே சொல்லுங்களேன்" என்றாள் டார்கஸ்.

கூட்டம் சிரித்தது. மால் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "கொஞ்சம் திரும்பி நில்லுங்க துரை, ஒத்துப் பாத்துடுவோம்" என்றாள்.

பென்டிலின் கழுத்து சிவந்துபோனது. தெருவில் நின்று கேலி கேட்ட பழக்கம் அவருக்கு இல்லை. கைத்தடியை உயர்த்திக் காட்டினார். குளம்பை இல்லை, நாயை இல்லை, அந்த வெள்ளைத் திட்டை.

"விளையாடாதே. முத்திரையைச் சீவின இடத்தைக்கூட வரைஞ்சு வெச்சிருக்கே. என் கொட்டகையைத் தாண்டி வெளிய வராத விஷயம் அது. யாருடி உனக்குச் சொன்னது? அந்தப் பீப்பாய் செய்யறவன்தானே?"



மால் கண்ணாடிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். தினமும் பார்த்த படம்தான். பயந்துபோய்ப் பெயர் போடாமல் விட்ட இடம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். திட்டுக்குள் இழைப்புளி ஓடிய மெல்லிய கோடுகள் இருந்தன. பீப்பாயின் காலடியில் ஒரு மரச்சீவல் சுருண்டு கிடந்தது.

இனி அந்த ஆளுக்கு என்ன 'அவர்' வேண்டிக்கிடக்கிறது. பென்டில் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தாற்போல நின்றான். தன் வண்டியைத் தேடினான். வண்டிக்கும் அவனுக்கும் நடுவில் ஆட்கள் நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து யாராவது ஒருத்தன் கப்பலுக்குப் போயிருந்தான். ஒருவரும் நகரவில்லை. பென்டில் தலையைக் குனிந்துகொண்டான்.

டார்கஸ் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மால் பின்னாலேயே ஓடி வந்தாள். "அடிப்பாவி, இந்த ஆளுதான்னு தெரிஞ்சுமா இத்தனை நாள் பேரைப் போடாம விட்டே?"

டார்கஸ் அந்தப் படத்தின் தகட்டைத் தேடியெடுத்து மேசையில் வைத்தாள். ஜேபஸோடு போய்த் திரும்பி வந்த மாலுமி அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: எந்த வியாபாரியின் பீப்பாய் என்று தெரியாது, முத்திரையைச் சீவி எடுத்திருந்தார்கள்.

"எனக்கே இப்பத்தான்டி தெரியும்" என்றாள்.

உளியை எடுத்தாள். அச்சில் நேராக விழ வேண்டுமானால் தகட்டில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல மாற்றிச் செதுக்க வேண்டும். அந்த வெள்ளைத் திட்டில் பென்டிலின் பெயரைச் செதுக்க ஆரம்பித்தாள்.

நடுவில் கோடு இழுக்கவில்லை. எல்லா எழுத்தையும் போட்டாள்.