சேலத்தில்தான் இறங்குவேன்

"இவ என் பொண்டாட்டியே இல்லீங்க!"

கிளியூர்ப் பூசாரி ஐயாக்கண்ணு விபூதித் தட்டைக் கீழே வைத்தார். எதிரே மாதேஸ்வரன். வெள்ளக்கடையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவன். பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அவன் மனைவி சுஜாதா. மத்தியானத்திலேயே இறங்கிவிட்ட மூடுபனியில் வாசல் தெரியவில்லை.

"தெளிவாச் சொல்லுப்பா."

"மூஞ்சி அவளுதுதானுங்க. உள்ள இருக்கறது வேற யாரோ. அடுப்படியில சோறாக்கிட்டு இருப்பா. அதே நேரத்துல காப்பிச் செடிக்குள்ள நின்னுக்கிட்டு, 'வாங்க, வாங்க'ன்னு என்னைக் கூப்பிடுவா. சோத்துல வேற என்னத்தையோ கலக்கறா. ஊட்டுச் சோத்தை நான் தொட்டு ஒம்போது நாளாச்சுங்க."

பூசாரி அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நெசமா?"

"நெசந்தானுங்க. எம்மேலதான் இருக்குது."

மாதேஸ்வரன் அவளைவிட்டு ஓரடி தள்ளி உட்கார்ந்தான். எந்தப் பேய் இப்படித் தானாக ஒத்துக்கொள்ளும்?

உடுக்கை அதிர்ந்தது. வேப்பங்குழை அவள் தோளிலும் முதுகிலும் சுளீர் சுளீரென்று விழுந்தது. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

திடீரென்று கொண்டை அவிழ்ந்தது. உடம்பு ஆடியது.

"யாரு நீ? எப்பப் போவே?" பூசாரி அதட்டினார்.

"போறேன்... ஆனா மலையில இறங்க மாட்டேன்! சேலத்துக்குக் கூட்டிட்டுப் போ. தாலி கட்டுனவனும் கூட வரணும். அங்க குடுக்கற மருந்தை மொதல்ல அவன் முழுங்கணும். அப்பத்தான் இறங்குவேன்!"

அது சுஜாதாவின் குரலே இல்லை. மாதேஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கூட்டிட்டுப் போறேன் தாயி!"

மறுநாள் காலை பஸ்ஸில் அவள் பக்கத்தில் அவன் உட்காரவில்லை. இரண்டு சீட் பின்னால் இருந்து அவள் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பனிக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள். 'வாங்க... வாங்க...'

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். வாய் மூடியே இருந்தது. குரல் மட்டும் நிற்கவில்லை.

சேலத்தில் அவள் கூட்டிப் போன இடம் கோயில் இல்லை, ஆஸ்பத்திரி. பேய் கேட்ட இடம். எதிர்த்துப் பேச முடியுமா? அவள் பின்னாலேயே போனான்.

"மாதேஸ்வரன்! மாதேஸ்வரன் யாருங்க?" நர்ஸ் கூப்பிட்டாள்.

"தப்பாக் கூப்பிடறீங்க. பேய் பிடிச்சது இவளுக்கு."

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. அவனை உட்கார வைத்து, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கூப்பிடுவது யார் என்று மெதுவாகக் கேட்டார். இத்தனை நாள் மனசுக்குள் புழுங்கியதை எல்லாம் அவன் ஒன்று விடாமல் கொட்டினான். கொடுத்த மாத்திரையை, பேய்க்குக் கொடுத்த வாக்கை நினைத்து, மறுபேச்சில்லாமல் விழுங்கினான்.

எடை பார்க்க நர்ஸ் அவனை அழைத்துப் போனதும், டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு மாசமா நீங்க மட்டும்தானே வந்து அழுதுட்டுப் போனீங்க? இன்னைக்கு எப்படிம்மா வந்தாரு?"

"'உங்களுக்குத்தான் ஒடம்பு சரியில்லை'ன்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், வரலீங்க. அதான், அந்தப் பேயை நான் வாங்கிக்கிட்டேனுங்க."